ஊட்டி உறைபனியில் ஆர்க்டிக் தரை வண்டு உண்டா?

டிசம்பர் 27, மாலை 6.15
வாசகர் கேள்வி: நான் கோவையில் கல்லூரி மாணவன். போன வாரம் நண்பர்களோடு தலைகுந்தா வந்திருந்தேன். காலையில் புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி. ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் கருப்பாக ஒரு வண்டு உயிரோடு நகர்ந்தது. ஸ்காட்லாந்து மலைமுடியிலும் சைபீரியாவிலும் வாழும் அமாரா ஆல்பினா என்ற தரை வண்டின் படம் அச்சாக அப்படியே இருக்கிறது. அது நீலகிரியிலும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன். சரிதானா?

டிசம்பர் 27, இரவு 9.10
இல்லை தம்பி. அமாரா ஆல்பினா இங்கே கிடையாது. அது வடதுருவத்தைச் சுற்றி வளையம் போட்டது போலப் பரவிய வண்டு: ஸ்காண்டிநேவியா, சைபீரியா, அலாஸ்கா, வட கனடா. அதற்குத் தெற்கே போனால் மரம் வளராத மலைமுடிகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்து மலைகள், ராக்கி மலைகள், அமெரிக்காவின் கிழக்கே 1,917 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் வாஷிங்டன். உங்கள் படத்தில் இருப்பது வேறு ஏதோ ஒரு தரை வண்டு.

டிசம்பர் 28, காலை 7.30
நேற்று வெடுக்கென்று முடித்துவிட்டேன். இந்தக் கேள்வியை நானே பதினைந்து வயதில் கேட்டிருக்கிறேன், பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாக.

எங்கள் ஊர் எமரால்டு பக்கம். அக்டோபர் கடைசியில் நீர்ப்பனி தொடங்கும், டிசம்பரில் அது உறைபனியாகும். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இலையெல்லாம் ஒரே ராத்திரியில் வெந்நீர் ஊற்றியது போல் கருகிக் கிடக்கும். தேயிலைக்காரர்கள் செடிமேல் தழை போட்டு மூடுவார்கள், விடியுமுன் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு ஆர்க்டிக் என்றால் நம் டிசம்பரை இன்னும் நாலு மடங்காக்கியது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் நம் குளிர் ஒரு ராத்திரிக்குரியது. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே சரிவில் இறங்கிச் சதுப்பில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் ஒன்றுமில்லாதபோதும் பள்ளத்துச் சதுப்பு வெள்ளையாகிக் கிடக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் முடிந்தது. மதியம் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை செய்கிறோம்.

ஆர்க்டிக்கில் குளிர் விடிந்ததும் போவதில்லை. மாதக்கணக்கில் நிற்கும். அங்கே ஒரு வண்டு சாப்பிட்டு, வளர்ந்து, முட்டையிட இரண்டு மூன்று மாதம்தான் கிடைக்கிறது. நம் ஊர் 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் கோடையில் சூரியன் மறையாத நாட்கள் உண்டு, குளிர்காலத்தில் உதிக்காத நாட்கள் உண்டு. நம் புல்வெளி வண்டு பன்னிரண்டு மணி நேரம் பொறுத்துக்கொண்டால் போதும். ஆர்க்டிக் வண்டு எட்டு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும்.

எந்தப் பூச்சியானாலும் உடம்புக்குள் பனிக்கட்டி உருவானால் செத்துவிடும். அதனால் உறையாமல் இருப்பதற்குத்தான் எல்லா வழியும் தேடும்.

டிசம்பர் 28, இரவு 10.00
குன்னூரிலிருந்து கேட்ட நண்பருக்கு: ஆமாம், தரை வண்டு என்றால் கராபிடே குடும்பம். உலகம் முழுக்க 40,000 இனத்துக்கு மேல். பெரும்பாலானவை இரவில் தரையில் ஓடி வேட்டையாடுபவை. கீழே சமவெளியில் நெல் வயலில் இலைச்சுருட்டுப் புழுவைத் தின்னும் செந்நிற ஓபியோனியாவும் இந்தக் குடும்பம்தான். அமாரா வகைகள் மட்டும் கொஞ்சம் வேறு, அவற்றில் பல விதையும் தின்னும்.

டிசம்பர் 31, காலை 8.40
மூன்று நாளாக விடியற்காலையில் தெர்மாமீட்டரோடு தோட்டத்து ஓரச் சதுப்புக்குப் போகிறேன். வீட்டில் என்ன வேலை இது என்று கேட்டாயிற்று. காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் செய்யக் கூடாது, செய்யவும் வேண்டாம். இது எங்கள் பட்டா நிலத்தின் எல்லை.

நேற்று ஐந்தரை மணிக்குப் புல்நுனி மட்டத்தில் மைனஸ் 2. அதே இடத்தில் சோற்றுப்பானை அளவுக் கல்லின் அடியில் 7. ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான்.

தம்பி, உங்கள் வண்டு உறைபனியில் வாழவில்லை. உறைபனியின் கீழே, பகல் வெயிலைச் சேமித்து வைத்திருக்கும் கல்லின் அடியில் வாழ்கிறது. ஒரு கல்லின் பருமன்தான் அதற்கு ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உள்ள தூரம். கல்லைப் புரட்டினால் மறக்காமல் பழையபடியே வைத்துவிடுங்கள். புரட்டிய கல்லின் அடியில் இருந்த எல்லாவற்றுக்கும் அந்த இரவு கூரை போய்விடும்.

ஜனவரி 2, இரவு 9.50
28ஆம் தேதி எழுதியதில் ஒரு தவறு. உடம்புக்குள் பனிக்கட்டி வந்தால் எந்தப் பூச்சியும் செத்துவிடும் என்று சொல்லிவிட்டேன். பெரும்பாலானவற்றுக்குச் சரி. ஆனால் அதைப் பொய்யாக்கிக் காட்டியவற்றில் ஒரு தரை வண்டும் உண்டு, எனக்கு அது ஞாபகம் வராமல் போனது வெட்கமாக இருக்கிறது.

அலாஸ்காவில் டெரோஸ்டிகஸ் பிரெவிகார்னிஸ் என்று ஒன்று உண்டு. சின்ன வண்டு, இற்றுப்போன மரக்கட்டைக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். 1969இல் கீத் மில்லர் என்பவர் இதை ஆராய்ந்து எழுதினார். குளிர்காலத்தில் பிடித்த வண்டுகளை ஆய்வகத்தில் மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே கொண்டுபோனார். உடம்பு உறைந்து கல்லாகியும், திரும்பச் சூடாக்கியதும் எழுந்து நடந்தன. கோடையில் பிடித்த அதே வண்டுகள் உறைந்ததும் செத்துப்போயின.

அதாவது பிறவியிலேயே அந்தத் தாங்கும் சக்தி வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வருடமும் குளிர் நெருங்கும்போது உடம்பைத் தயார் செய்கிறது. ரத்தத்தில் கிளிசரால் ஏறுகிறது. பனிக்கட்டி செல்களுக்கு வெளியே மட்டும் உருவாகும்படி விட்டு, உள்ளே உயிர்த்தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இதற்கு மேல் அங்கே இன்னொரு துணையும் உண்டு: வெண்பனி. ஒரு முழம் பனி தரைமேல் படிந்துவிட்டால் அது கம்பளி மாதிரி. மேலே காற்று மைனஸ் 30 இருந்தாலும் கீழே மண் அவ்வளவு கீழே இறங்காது. நமக்கு அந்தக் கம்பளி இல்லை. நீலகிரியில் விழுவது உறைந்த பனித்துளி மட்டும்தான், மூடிக் காப்பாற்றும் பனிப்பொழிவு கிடையாது.

ஜனவரி 3, காலை 6.50
கிளிசரால் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், மருந்துக்கடையில் விற்கும் அதே கிளிசரின்தான். கை வெடிப்புக்குத் தடவுவது.

ஜனவரி 3, இரவு 8.20
காலம் பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் நீட்ட வேண்டும். குளிர்ப் பகுதித் தரை வண்டுகள் பல, ஒரு கோடைக்குள் முட்டையிலிருந்து வண்டு வரைக்கும் போக முடியாது என்றால் அவசரப்படுவதில்லை. முதல் குளிர்காலத்தைப் புழுவாகக் கழிக்கும், அடுத்ததை வண்டாகக் கழிக்கும், அதற்கப்புறம்தான் முட்டை. ஒரு தலைமுறைக்கு இரண்டு வருடம். கிளிசராலைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மைனஸ் 35ஐத் தாங்குவது உடம்பு செய்வது. இரண்டு வருடம் காத்திருப்பது வாழ்க்கை முழுவதையும் மாற்றிப் போட்டுச் செய்வது. ஊட்டிக் குளிர் நம் வண்டுகளிடம் இப்படி எதையும் கேட்பதில்லை.

ஜனவரி 6, மதியம் 2.15
இன்னொரு திருத்தம், இது பெரியது. தம்பி அனுப்பிய படத்தை இன்றைக்குக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அது தரை வண்டே இல்லை. முதல் நாளே "வேறு ஏதோ ஒரு தரை வண்டு" என்று எழுதினேனே, அது தவறு.

பின்னங்காலின் பாதத்தை எண்ணுங்கள். தரை வண்டுக்கு ஆறு கால்களிலும் பாதத்தில் ஐந்தைந்து கணு. உங்கள் படத்தில் முன்கால், நடுக்காலில் ஐந்து, பின்னங்காலில் நான்கு. 5-5-4 என்றால் இருள் வண்டுக் குடும்பம், டெனிப்ரியோனிடே. மாவிலும் அரிசியிலும் வரும் சின்னச் செவ்வண்டின் உறவு. உணர்கொம்பும் மணி கோத்தது போல் இருக்கிறது; தரை வண்டுக்கு நூல் மாதிரி மெலிந்திருக்கும்.

இன்னொரு அடையாளம், உயிருள்ள வண்டைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அடியிலிருந்து பார்த்தால் தெரியும். தரை வண்டின் பின்னங்கால் இடுப்பு வயிற்றின் முதல் வளையத்தையே இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். பக்கத்தில் அவரைக்கொட்டை மாதிரி ஒரு புடைப்பும் இருக்கும். முன்காலின் உட்பக்கம் ஒரு சின்ன வெட்டு: உணர்கொம்பை அதற்குள் விட்டு இழுத்துத் துடைத்துக்கொள்ளும். பூனை மீசையைத் துடைப்பது போல. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

கருப்பு, நீள்வட்டம், கல்லடி. இந்த மூன்றை மட்டும் வைத்து வண்டைச் சொல்லக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவும் தம்பி.

ஜனவரி 9, இரவு 11.05
கொடைக்கானல் அக்கா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். வரையாட்டுக்கு இமயமலையில் சொந்தம் உண்டு, சிரிப்பான் குருவிக்கு உண்டு, செம்பூ பூக்கும் காட்டுப்பூவரசு அங்கேயும் இங்கேயும் ஒரே மரம். பனியுகத்தில் இவையெல்லாம் தெற்கே வந்திருந்தால் குளிர்ப் பிரதேச வண்டும் வந்திருக்கலாமே? மன்னவனூர்ப் புல்வெளியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது என்கிறார்.

இது பழைய கேள்வி. மலையோடை மீன்களை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா, இமயமலை உயிர்கள் சாத்பூரா மலைத்தொடர் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தன என்று சொன்னார். ரொம்ப அழகான யோசனை. ஆனால் ஒவ்வொன்றாக மரபணு பார்க்கப் பார்க்க அது சிக்கலாகிக்கொண்டே வருகிறது. இமயமலை வரையாடும் நம் வரையாடும் அண்ணன் தம்பி என்று நெடுங்காலம் நம்பினோம். 2005இல் பார்த்தபோது நம்முடையது செம்மறி ஆட்டுக்கு நெருக்கம் என்று வந்தது, பேரினத்தின் பெயரே நீல்கிரிட்ராகஸ் என்று மாறியது. நம் சிரிப்பான்களையும் 2017இல் மான்டிசின்க்லா என்று தனிப் பேரினத்தில் வைத்துவிட்டார்கள். அவை கடைசிப் பனியுகத்தில் வந்த விருந்தாளிகள் இல்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே பிரிந்து இங்கேயே ஊன்றியவை.

பனியுகத்தில் நம் மலை எப்படி இருந்தது என்பதை ஊட்டிப் பக்கத்துச் சாண்டிநல்லா சதுப்பு சொல்லியிருக்கிறது. செத்த புல்லும் இலையும் மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கருமண் அது. சூழலியல் ஆய்வாளர் ராமன் சுகுமாரும் கூட இருந்தவர்களும் அதிலுள்ள கார்பனை அளந்து 1993இல் எழுதினார்கள். கடைசிப் பனியுக உச்சத்தில் இங்கே வறட்சி, வெயிலையும் வறட்சியையும் தாங்கும் புல்வகைகள் மிகுதி. அப்புறம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து ஈரம் கூடியது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், நம் மலையில் பனியுகம் முதலில் மழைக் குறைவாகத்தான் வந்திருக்கிறது. வடக்கே பனிக்கட்டி, இங்கே வறட்சி.

ஆர்க்டிக் வண்டு வருமா என்றால், அதற்குத் தேவையான குளிர் வழியெல்லாம் விரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படி விரிந்தது. இப்போது வடக்கேயும் மலைமுடிகளிலும் மட்டும் இருக்கும் அமாரா ஆல்பினாவின் சிறகு மூடிகள், அமெரிக்காவின் நடுப்பகுதியில் பனியுக மண்ணில் கிடைக்கின்றன. பனித்தகடு உருகியபோது வண்டு குளிரின் பின்னாலேயே வடக்கே போனது, கொஞ்சம் மலை ஏறியது. ஏறியவை அங்கேயே மாட்டிக்கொண்டன. 1999இல் இந்த வண்டின் மரபணுவை ஒப்பிட்டபோது அலாஸ்காப் பக்கம்தான் வகைகள் அதிகம். பனித்தகடு மூடாத அந்த நிலம்தான் அதன் பழைய புகலிடம்.

ஜனவரி 10, காலை 6.20
தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று. பிரிட்டனில் ரஸ்ஸல் கூப் என்பவர் வாழ்நாள் முழுக்கச் சதுப்பு மண்ணைக் கழுவி வண்டுத் துண்டுகள் பொறுக்கினார். அங்கே பனியுகத்தில் மிகச் சாதாரணமாக இருந்த ஒரு சாணி வண்டு, அஃபோடியஸ் ஹோல்டரெரி. இன்று அது எங்கே இருக்கிறது தெரியுமா? திபெத்தின் உயர்பீடபூமியில் மட்டும். பிரிட்டன் மண்ணில் திபெத்து வண்டு!

அவர் கண்டது இதுதான்: தட்பவெப்பம் மாறும்போது பெரும்பாலான வண்டுகள் உருவம் மாறவில்லை, இடம் மாறின. அக்கா, நீங்கள் சொன்ன யோசனை அங்கே நடந்திருக்கிறது. இங்கே நடக்க முடியாமல் போனதற்குக் காரணம் நடுவில் இருந்த சமவெளி. எவ்வளவு குளிர்ந்தாலும் தக்காணம் ஆர்க்டிக் போல மரம் வளராத தூந்திரப் பிரதேசமாகவில்லை. இன்னொன்றும் பாருங்கள்: வட நாடுகளில் எங்கும் நிறைந்த காராபஸ் பேரினம் காஷ்மீர் வரைக்கும் வருகிறது, தென்னிந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 14, மாலை 5.00
எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். விருந்துக்கு வந்த அப்பாவிடம் இந்த வண்டுப் பேச்சை எடுத்தேன். உடனே சொன்னார்: "கருப்பு வண்டா? அந்தக் காலத்தில் உருளைக்கிழங்குக் காட்டில் மண்வெட்டி போட்டால் ஓடும்."

அதில் ஒரு கதை இருக்கிறது. 1961இல் நீலகிரியில் உருளைக்கிழங்கின் தங்க முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதை அடக்க, பிற்பாடு வரிசை வரிசையாகக் குருணை மருந்து போட்டார்கள். எங்கள் தோட்டத்திலும் போட்டோம். கடைக்காரர் சொன்ன அளவுக்கு மேலேயே போடச் சொன்னார், நாங்களும் போட்டோம். மறுநாள் பார் நெடுகக் கருப்பு வண்டுகள் மல்லாந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வயது இருக்கும். ஒரு தீப்பெட்டியில் பொறுக்கிச் சேர்த்தேன். அவை வெட்டுப்புழுவைத் தின்னும் வண்டுகள் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இரவில் தண்டைக் கடித்துச் சாய்க்கும் வெட்டுப்புழுவுக்கு அப்புறம் தனியாக மருந்து வாங்கினோம்.

அப்பா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஜனவரி 20, இரவு 9.30
கிடைத்துவிட்டது. சதுப்பின் மேட்டோரம், கல்லடியில். பாதம் ஐந்தைந்து, முன்காலில் வெட்டு, பின்னங்காலில் அவரைக்கொட்டைப் புடைப்பு. இந்த முறை மூன்று தடவை எண்ணினேன். சந்தேகமில்லாமல் தரை வண்டு. ஒரு விரற்கடை நீளம், கருப்பில் லேசான செம்பு மினுக்கம். குப்பியில் வைத்துப் படம் எடுத்துவிட்டு அதே கல்லடியில் விட்டேன்.

ஒன்றைக் கவனித்தேன். மேல்மூடி இரண்டும் நடுவில் ஒட்டியது போல இருந்தன. புல் துரும்பால் எவ்வளவு சீண்டினாலும் பறக்க முயலவே இல்லை, ஓடியது. மலையுச்சித் தரை வண்டுகள் பல இப்படித்தான். அமெரிக்கப் பூச்சியியலாளர் பிலிப் டார்லிங்டன் 1943இல் மலைகளிலும் தீவுகளிலும் உள்ள தரை வண்டுகளை ஒப்பிட்டு, மலையில் சிறகு இழந்த இனங்கள் எவ்வளவு அதிகம் என்று காட்டினார். காற்று கடலுக்குத் தள்ளிவிடும் என்பதால் தீவு வண்டுகள் சிறகை இழந்தன என்பது டார்வின் காலத்து விளக்கம். டார்லிங்டன் அதை அப்படியே ஏற்கவில்லை. மாறாமல் நிலைத்திருக்கும் சின்ன வாழிடத்தில் பறந்து போக வேண்டிய தேவை இல்லை, சிறகும் அதற்கான தசையும் வெறும் செலவு என்றார்.

ஆகவே தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு பாதி சரி. ஆர்க்டிக் வண்டு இங்கே இல்லை, ஆனால் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் மாட்டிக்கொண்ட வண்டின் நிலைமை இங்கே இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் ஏற இடமில்லை. பறக்காத வண்டுக்கு முக்குருத்திப் புல்வெளியும் பழனிமலைப் புல்வெளியும் இரண்டு தனித் தீவுகள், நடுவில் இருப்பது கடல் இல்லை, கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும்.

ஜனவரி 21, காலை 7.00
சீகை மரம் புல்வெளியை மூடுவது பற்றி ஒருவர் கேட்டார். ஆமாம், கவலை அதுதான். புல்வெளியில் உறைபனி விழுவதால்தான் சோலைக்காட்டு மரக்கன்று அங்கே எளிதில் பிழைப்பதில்லை, புல் புல்லாகவே நிற்கிறது. ஆஸ்திரேலியச் சீகை அந்தத் தடையைத் தாண்டி வளர்கிறது. அது மூடிய இடத்தில் வெயில் தரையைத் தொடாது, கல் சூடாகாது. எங்கள் நிலத்துக்கு மேலே சீகைக்குள் போய் நாலு கல்லைப் புரட்டிப் பார்த்தேன். மரவட்டை இருந்தது. இந்த வண்டு இல்லை. நாலு கல் போதாது என்று தெரியும்.

ஜனவரி 28, காலை 9.15
இன்றைக்கும் போனேன். அதே கல். புல்நுனியில் மைனஸ் 1, கல்லடியில் 8. வண்டு இருந்தது, பக்கத்தில் இன்னொன்றும். தொடாமல் கல்லை இறக்கிவிட்டு மேட்டில் உட்கார்ந்தேன். எட்டே முக்காலுக்கு வெயில் சதுப்பைத் தொட்டது, பனி புகையாக எழுந்தது. தம்பி, பிப்ரவரியில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். விடியுமுன் வந்தால்தான் பார்க்க முடியும். எமரால்டு பேருந்தில் முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள், கம்பளி வீட்டில் இருக்கிறது.